துணி உலர்த்துகிறவள்

கணவரின் வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் இருந்த நீலம் மட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, டர்பன்டைனில் நனைத்து, நகத்தடியில் விட்டு விட்டு எடுத்தாள். மற்ற விரல்களெல்லாம் சுத்தமாகிவிட்டன. புதுச் சட்டை போட்டு, தலை வாரி, முன்னறை மேசையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் டர்பன்டைன் நெடிக்கு மூக்கைச் சுளித்தார்கள். அவளுக்கு அது வீட்டு வாசனை.

"விடும்மா. அது அப்பாவோட கலர். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மகள்.

"கல்யாணத்துக்கே இந்த நகத்தோடதான் வந்து நின்னார். இன்னிக்காவது சுத்தமாப் போகட்டும்."

மகள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. கையில் வேலை இருக்கும்போது அவளுக்கு அழ வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேற்று மத்தியானம் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் தண்ணி கொண்டா என்றார். கொண்டுபோனாள். குடிக்க ஆள் இல்லை. இரண்டாவது தடவை வந்த நெஞ்சுவலி அவகாசமே கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் மாஸ்டர்தான். பின்னறையில் அவர் வரைந்து குவித்த படங்கள் சுவரோரமாக முகம் திரும்பி நின்றன. அவர் பெயரில் ஒரு கண்காட்சிகூட நடந்ததில்லை.

கொழுந்தன் வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். குழாய்க் கடை வைத்திருப்பவன், அண்ணனின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் "இதை வரைஞ்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டே பழகியவன். இன்று அவன் கையில் ஒரு கட்டு பேப்பர்.

"அண்ணி, பாத்தீங்களா? அரைப் பக்கம். போட்டோவோட. நம்ம விமர்சகர் எழுதியிருக்கார்."

கடையில் இருந்த அத்தனை பிரதிகளையும் வாங்கி வந்திருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, அண்ணனின் கால்மாட்டில் நின்று உரக்கப் படித்தான். பில் படித்துப் பழகிய குரல்.

"'இந்த ஊரின் ஆகச் சிறந்த ஓவியன் நேற்று மறைந்தான். அவன் உயிரோடு இருந்தவரை இந்தச் சமூகம் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கலைஞனை மௌனத்தால் கொல்லும் ஊர் இது...'"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அந்த ஊர்தான். அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

"'அவன் வீட்டுப் பின்னறையில் ஓர் ஓவியம் இருக்கிறது. துணி உலர்த்துகிறவள். வெயில், ஈரமான ஒரு விரிப்பு, அதற்குப் பின்னால் ஒரு பெண். முகம் தெரியாது. உயர்த்திய இரண்டு கைகளும், துணியில் விழுந்த அவள் நிழலும் மட்டுமே தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு நான் தூங்கவில்லை. இந்த ஊரில் வரையப்பட்ட எதுவும் அதற்கு ஈடில்லை. அதையாவது இந்தச் சமூகம் காப்பாற்றிக்கொள்ளட்டும்.'"

தீக்குச்சி நகத்தடியில் ஆழமாகப் போய்விட்டது. அவருக்கு வலித்திருக்குமே என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா அண்ணி?"

"அந்தப் படத்தைப் பத்தினதை மட்டும்."

படித்தான். மகள் குனிந்து அவள் காதோரம் சொன்னாள். "அம்மா, அந்தப் படம்தான் இல்லையே."

விமர்சகர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். கல்லூரிக் காலத்திலிருந்து மாஸ்டருக்குச் சிநேகிதர். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், அவளும் அண்ணா என்றாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத அவளுக்கு அது பெரிய விஷயம். பின்னறையில் அவருக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "வை பாப்போம்" என்பார். மாஸ்டர் படத்தைத் தூக்கித் தலைகீழாக வைப்பார். நேராக வைத்தால் கதை கண்ணை மறைத்துவிடும், தலைகீழாக இருந்தால்தான் கோடு பொய் சொல்லாது என்பது விமர்சகரின் கொள்கை. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் வெகுநேரம் பார்ப்பார். பிறகு சொல்வார்: "இன்னும் வரலை."

அவ்வளவுதான். எது வரவில்லை, எங்கே வரவில்லை என்று விளக்க மாட்டார். மாஸ்டர் சரி என்று தலையாட்டிப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார். ஊரில் கலைக்கூடம் ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் யார் போய்க் கேட்டாலும் முதலில், "அவர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்பார். விமர்சகர் நாலு வரி எழுதினால் அந்தக் கதவு திறக்கும், இல்லாவிட்டால் மூடியே இருக்கும். மாஸ்டர் ஒரு தடவைகூட அந்தக் கதவைத் தட்டவில்லை. "வரும்போது அவனே சொல்லுவான்" என்பார்.

"என் படத்தை நேரா வச்சுப் பாக்கிற ஒரே ஆள் நீதான்" என்று அவளிடம் கேலி செய்வார்.

அந்தப் படத்துக்கு அவர் பேரெல்லாம் வைக்கவில்லை. உன் படம் என்றுதான் சொல்வார். ஒரு கோடை முழுக்க அவள் கொல்லையில் துணி காயப்போடும்போதெல்லாம் பின்னறைச் சன்னலில் நின்று வரைந்தார். முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைக்கூட விடவில்லை. முடிந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தன் கைகள் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமர்சகர் வந்தார். காப்பி ஆறும்வரை பார்த்தார். அவள் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கண்ணைத் திறந்தார்.

"இன்னும் வரலை."

அதற்குப் பிறகுதான் மாஸ்டருக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. ஓய்வாக இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் பின்னறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் சமையலறைவரை கேட்டது. ஏன் என்று போய்க் கேட்டாள். "வரலைன்னா வரலைதான். நல்ல கான்வாஸ், எதுக்கு வீணாகணும்?" என்றார். கத்தியைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. ஆனாலும், அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். அதை வாய்விட்டே சொன்னாள். பிறகு துடைப்பத்தை எடுத்துவந்து, உதிர்ந்து கிடந்த நீலத்தையும் வெள்ளையையும் தன் கையின் நிறத்தையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள்.

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் பேப்பரும் கையுமாக வந்தார்கள். மாஸ்டரின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கண்ணைப் பின்னறைப் பக்கம் ஓட்டினார்கள். தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் எங்ககூட இருந்தார், எங்களுக்குத் தெரியவே இல்லையே" என்றார். கலைக்கூடக்காரர் கருப்புக் கோட்டில் வந்தார். அவர் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"அந்த ஓவியத்தை ஒரு தடவை தரிசிச்சுட்டுப் போயிடறேன். இந்த மாசமே அவருக்கு ஒரு கண்காட்சி வச்சிடலாம்."

"அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

"நடுவுல அதைத்தான் மாட்டணும். மத்ததெல்லாம் அதைச் சுத்தி."

"அப்புறம்னு சொன்னேனே."

பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு பெண் மலர் வளையம் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்ணாகத் தெரிந்தாள், முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நேத்து சாயந்திரம்தான் தகவல் சொன்னோம். அதுக்குள்ள உக்காந்து இவ்வளவையும் எழுதிட்டாரா?" என்று அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"இல்லைம்மா, அது தயாரா இருந்தது. பெரிய ஆளுங்களுக்கெல்லாம் முன்னாடியே எழுதி வாங்கி வச்சுருவோம். கடைசி நேரத்துல அடிச்சுப் பிடிச்சு எழுதினா தப்பு வந்துரும். விமர்சகர் சார் மாஸ்டருக்கு எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சு. முன்னாடி ஒரு தடவை ஆஸ்பத்திரியில இருந்தாரே, அப்போ. நேத்து நாங்க வயசை மட்டும் மாத்திப் போட்டோம்."

"பெரிய ஆளுங்களுக்குத்தான் அப்படிச் செய்வீங்களா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் எழுதி வைக்க முடியாதுல்ல. இவருக்குக் கண்டிப்பா அரைப் பக்கம் போடணும்னு சார் அப்பவே சொல்லிட்டார்."

அந்த ஆபீசில் அவர் இத்தனை காலமும் பெரிய ஆளாக இருந்திருக்கிறார். வீட்டுக்குத்தான் யாரும் வந்து சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் போட்ட காப்பியைக் குடித்து, இன்னும் வரலை என்று சொல்லிவிட்டுப் போனவரிடம் அந்த அரைப் பக்கம் எழுதி முடித்துத் தயாராக இருந்திருக்கிறது. அது வெளியே வர ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் நேற்று நடந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அது இதுதான் என்று நினைத்தாள். பஞ்சையும் தீக்குச்சியையும் தாளில் சுற்றி வைத்தாள்.

விமர்சகர் வந்தபோது கூட்டம் வழிவிட்டது. மெலிந்த உடம்பு, கசங்காத சட்டை. மாஸ்டரின் தலைமாட்டில் நின்று வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். நடிப்பில்லை. அது அவளுக்குத் தெரிந்தது, அதற்காகக் கோபம் குறையவும் இல்லை.

"வண்டி வந்ததும் எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க நாலு வார்த்தை பேசணும் சார்" என்றான் கொழுந்தன். விமர்சகர் தலையாட்டினார். பிறகு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்தப் படத்தை எல்லாரும் கேக்கிறாங்க. இங்க கொண்டு வந்து அவன் பக்கத்துல வைக்கலாமா?"

"வாங்கண்ணா. பின்னாடி வாங்க" என்று எழுந்தாள்.

பின்னறையில் நேற்றுக் குழைத்த நீலம் தட்டில் தோல் படிந்து கிடந்தது. அவள் கதவைச் சாத்தினாள். சுவரோரம் வரிசையாக நின்ற படங்களில் கடைசியாக இருந்த பெரிய ஒன்றை இழுத்தாள். அவர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தனியாகத் தூக்கி நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"இப்படித்தானே பாப்பீங்க?"

முழுக்கப் பழுப்பு. அடுத்த படத்துக்காகப் பூசி, அடுத்த படம் வராமலே போன பழுப்பு.

"இது என்ன?"

"பேப்பர்ல பேர் போட்டிருக்கீங்களே. துணி உலர்த்துகிறவ."

அவர் கிட்டே போனார். விரலால் தடவிப் பார்த்தார். கீறல்கள் பழுப்புக்கு அடியில் தட்டுப்பட்டிருக்க வேண்டும், விரல் ஓரிடத்தில் நின்றது.

"மேல பூசிட்டானா? எடுத்துரலாம் தங்கச்சி. அதுக்கு ஆள் இருக்காங்க. மேல்பூச்சை மட்டும் பதமா..."

"சுரண்டிட்டுத்தான் பூசினார். சுரண்டினதை நான்தான் கூட்டி அள்ளிப் போட்டேன்."

விமர்சகர் பின்னால் கையைத் துழாவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அவருடைய நாற்காலிதான்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த உடனே. நீங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்தீங்களே, கிட்டத்தட்ட அதே சமயம்."

யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நான் அழிக்கச் சொல்லலையே" என்றார்.

"சொல்லலை. நல்லாயிருக்குன்னும் சொல்லலை."

"உனக்குப் புரியாது தங்கச்சி. நான் நல்லாயிருக்குன்னு சொன்னவங்க எத்தனை பேர் தெரியுமா? எல்லாரும் அதோட நின்னுட்டாங்க. செஞ்சதையே திருப்பித் திருப்பிச் செஞ்சு, மாலை வாங்கிட்டு உக்காந்துட்டாங்க. இவன் ஒருத்தனையாவது விட்டுரக் கூடாதுன்னு நெனச்சேன். இவனால இன்னும் மேல போக முடியும். அதான் பிடிச்சு வச்சேன்."

"அவர் மேல போயிட்டாருண்ணா. வெளியே படுத்திருக்கார்."

அவர் கைக்குட்டையைப் பிரித்து மடித்தார்.

"அதுவுமில்லாம சிநேகிதன். நான் எழுதினா, வேண்டியவனுக்கு எழுதறான்னு சொல்லுவாங்க. அப்புறம் என் எழுத்துக்கு என்ன மரியாதை?"

"செத்ததும் சிநேகிதம் போயிருச்சா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரலில்தான் பேசினாள். அப்படிப் பேசாவிட்டால் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்த ஊர் கண்டுக்கலைன்னு எழுதியிருக்கீங்க. ஊர் எங்கண்ணா இந்த ரூமுக்குள்ள வந்துச்சு? வந்தது நீங்க. உக்காந்து பாத்தது நீங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்களே, அன்னிக்கு இங்க அவரும்தான் தூங்கலை. சுவரைப் பாத்துப் படுத்திருந்தார். ரெண்டு பேரும் ஒரே படத்தை நெனச்சுட்டு முழிச்சிட்டு இருந்திருக்கீங்க. ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு பேரும் தூங்கியிருக்கலாம்."

"தங்கச்சி..."

"அதுக்கப்புறம் எத்தனை ஞாயித்துக்கிழமை வந்தீங்க. ஊர்லயே இல்லாத அப்பேர்ப்பட்ட படம், எங்கடா அதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"புதுசு புதுசா எடுத்து வச்சான். பழசைக் கேக்கணும்னு தோணலை" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் உங்களை நம்பினேனே என்பதுதான் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. புருஷன் கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தபோதுகூட இவர் பக்கம்தான் பேசினேனே. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அதற்கும் ஒரு நல்ல வாக்கியம் வைத்திருப்பார் என்று பட்டது.

கொழுந்தன் கதவைத் தட்டினான். "அண்ணி, வண்டி வந்துருச்சு. சார் பேச எல்லாரும் காத்திருக்காங்க."

விமர்சகர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லிடறேன் தங்கச்சி. தப்பு என்னோடதுதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"வேணாம். அதையும் நல்லாத்தான் பேசுவீங்க. கேக்கிறவங்க கண்ணைத் துடைச்சுட்டு, எப்பேர்ப்பட்ட மனுஷன்னு உங்களைச் சொல்லிட்டுப் போவாங்க." கதவைத் திறந்தாள். "நீங்க உக்காருங்கண்ணா. படம் பாருங்க."

வெளியே வந்து கொழுந்தனிடம், "அவர் பேசலை" என்றாள்.

"ஏன் அண்ணி? உடம்பு சரியில்லையா? அப்ப யாரு பேசறது?"

"யாரும் வேணாம். அவர் இருந்தவரைக்கும் பேசாதவங்க இப்ப என்ன பேசப்போறாங்க? எடுக்கச் சொல்லுங்க."

கலைக்கூடக்காரர் படத்தைப் பற்றி மறுபடி வாயெடுத்தார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தூக்குவதற்கு முன் அவள் ஒரு தடவை குனிந்து வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தில் ஓரமாக ஒரு கீற்று நீலம் இன்னும் இருந்தது. இருக்கட்டும் என்று சட்டையின் கைப்பட்டையை இழுத்து அதன்மேல் விட்டாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோதுதான் கொல்லைக் கொடியில் துணிகள் கிடப்பது ஞாபகம் வந்தது. நேற்றுக் காலை துவைத்துப் போட்டவை. அவருடைய இரண்டு சட்டைகள், ஒரு படுக்கை விரிப்பு. அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு நடந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. முதலில் சட்டைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு விரிப்புக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக் கிளிப்புகளைக் கழற்றினாள். ஒரு முனை நழுவி விழுந்தபோது பின்னறைச் சன்னல் தெரிந்தது. விமர்சகர் நாற்காலியை விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது சிவந்திருந்த கண்களில் இடது கண் தானாக மூடியிருந்தது.

அவள் அவசரப்படவில்லை. மிச்சக் கிளிப்பையும் கழற்றி, விரிப்பை உதறி நாலாக மடித்தாள். சன்னலருகே போய், ஒன்றும் பேசாமல், கதவுகளை வெளியிலிருந்தே ஒன்றோடொன்று சேர்த்துச் சாத்தினாள். துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்து வழியாக முன்பக்கம் வந்தாள். வண்டியின் பின்கதவு அவளுக்காகத் திறந்திருந்தது.